முப்பத்தைந்தாயிரம் என்று நான் சொன்ன நாள்

பொடியா,

ஆறடி வளர்ந்து நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்கிற பிள்ளையைப் பொடியா என்று கூப்பிடாதே, தெருவில் சிரிக்கிறார்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பே. நான் கேட்டதே இல்லை. இப்போதும் அப்படித்தான் கூப்பிடுவேன். நாளைக் காலை ஆறரை மணி பஸ்ஸுக்கு உன் தங்கச்சி ரேவதி சென்னைக்குப் போகிறாள். வேலை கிடைத்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து பையில் துணி அடுக்குகிறாள். நீ காலேஜுக்குக் கொண்டுபோன அதே நீலப் பைதான். ஜிப் இன்னமும் பாதியில் மாட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்கிறது. அதைத் தட்டிவிடத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, அவள் காலேஜ் நோட்டில் மிச்சம் கிடந்த தாளில் இதை எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். முடித்ததும் பிழை திருத்தித் தருகிறேன், நாலு பேர் படிக்கிற மாதிரி எங்காவது போடுகிறேன் என்று ரேவதி சொல்கிறாள். போடட்டும். படிப்பு முடித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கிற எந்தத் தாயாவது படிக்கட்டும். ஆனால் எழுதுவது உனக்குத்தான்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. அஞ்சு நாள் டெங்குக் காய்ச்சல். ரத்தத்தில் ஏதோ அணு குறைகிறது என்றார்கள், ஏற்றினார்கள், ஏறவில்லை. அதில் யார் மேலும் குற்றம் இல்லை என்பதை நான் ஒத்துக்கொண்டுவிட்டேன். உன் சாவுக்கும் நீ வாங்காத சம்பளத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. யாருக்கு என்ன சம்பளம் என்று கொசுவுக்குத் தெரியுமா? இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. எனக்குத் தெரிய வேண்டியது சின்ன விஷயம். கையில் வந்த ஒரு வேலையை நீ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறே. எனக்கே தெரியாமல் சொல்லியிருக்கிறே. அது என் வாயில் வந்த ஒரு வார்த்தையாலா, இல்லை உனக்கே அந்த வேலை பிடிக்கவில்லையா? ஒரு மாதமாக இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். அழுகை வரவில்லை, நம்பு. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்புதான்.

முதலில் இருந்து சொல்கிறேன். நீ கடைசி வருஷம் படிக்கும்போதே காலேஜுக்கு ஒரு பெரிய கம்பெனி வந்து உன்னை எடுத்தது. வருஷத்துக்கு மூணரை லட்சம் என்று லெட்டர். நீ இங்கிலீஷில் ஒரு வரி படித்து, தமிழில் ஒரு வரி சொல்லி, எனக்கு முழுசாகப் படித்துக் காட்டினே. என்றைக்குச் சேரணும் என்ற இடத்தில் 'பிறகு தெரிவிக்கப்படும்' என்று போட்டிருந்தது. அந்த வரியை மட்டும் நீ மெதுவாகப் படிச்சே. நான் அதைக் காதில் வாங்கவில்லை. மூணரை லட்சம் காதுக்குள் போனதும் மற்றதெல்லாம் வெளியில் நின்றுவிட்டது. உங்கப்பா டிராக்டரைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "சரி, நல்லது" என்றார். அவருக்கு அதுவே பெரிய பேச்சு.

அடுத்த வாரம் பூவத்தில் உன் மாமா வீட்டு மாடிக்குப் பால் காய்ச்சினார்கள். எங்கண்ணனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்தியில் இலை போட்டு, சோறு விழுவதற்கு முன்னால் தன் மகன் முப்பதாயிரம் வாங்குகிறான் என்று மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன தங்கச்சி, மருமவனுக்கு வேலை கெடச்சிருச்சாமே? எவ்வளவு குடுக்குறான்?"

"முப்பத்தஞ்சுண்ணே."

"மாசத்துக்கா?"

"பின்ன, வாரத்துக்கா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. உன் மாமா சிரிக்கவில்லை. நீ எதிர் வரிசையில் பாயசத்தை இலையில் வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தே. நாம் பஸ்ஸில் திரும்பினோம். காரைக்காலில் வண்டி நின்றதும் மெதுவாக ஆரம்பிச்சே.

"அம்மா, மூணரை லட்சத்தைப் பன்னெண்டால வகுக்கணும். இருபத்தொம்பதுதான் வரும்."

"வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன எப்படி முப்பத்தஞ்சு வந்துச்சு?"

"ஒரு சைபரை எடுத்தேன். சொல்றதுக்கு லேசா இருந்துச்சு."

அப்போது நீ சிரிச்சே பாரு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கால் ஒரு சத்தம் விட்டு, முன் சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அது உன் நிஜமான சிரிப்பு. உனக்கு இன்னொரு சிரிப்பும் உண்டு. அதில் சத்தம் இருக்காது. பல் மட்டும் தெரியும், கை பிடரியைத் தடவிக்கொண்டிருக்கும். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்குக் கூட்டிப்போனார்கள். "எனக்கு மலையில வண்டி ஏறினா வாந்தி வரும், நான் போவல" என்று சிரித்துக்கொண்டே சொன்னே, பிடரியைத் தடவிக்கொண்டே. நானும் நம்பினேன். உங்கப்பா அப்போது கை முறிந்து வண்டி ஓட்டாமல் இருந்தார். வீட்டில் காசு இல்லை என்று தெரிந்துதான் நீ அப்படிச் சொன்னே என்பது எனக்கு இரண்டு வருஷம் கழித்து உன் வாத்தியார் சொல்லித்தான் தெரிந்தது. மலையையே பார்க்காத பிள்ளைக்கு மலையில் வாந்தி வரும் என்று எப்படித் தெரியும்? அதைக் கூட யோசிக்காத மண்டையடா எனக்கு. அதற்குப் பிறகு நீ சிரித்தால் முதலில் உன் கையைத்தான் பார்ப்பேன்.

பூவத்தில் சொன்ன முப்பத்தைந்து எனக்கு முன்னால் நம்ம ஊர் நெரவிக்கு வந்துவிட்டது. நடவுக்குப் போனால் எங்கள் செட்டுப் பெண்கள், "ஏன் முப்பத்தஞ்சு, நீ எதுக்கு இன்னும் சேத்துல நிக்கிற? வரப்புல குடை புடிச்சி நில்லு" என்று கேலி பண்ணினார்கள். எனக்கு அந்தக் கேலி இனித்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், இனித்தது. பேர் சொல்லிக் கூப்பிடாமல் முப்பத்தஞ்சு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தேன்.

நீ படிப்பை முடித்தே. கம்பெனியிலிருந்து ஃபோன் வரவில்லை. ஒரு மாதம், மூன்று மாதம், ஐந்து மாதம். கேட்டால் ரிசஷன் என்று சொன்னே. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். வெளிநாட்டில் கம்பெனிக்காரர்கள் செலவைக் குறைக்கிறார்கள் என்றே. அமெரிக்காவில் ஒருத்தன் செலவைக் குறைத்தால் நெரவியில் உன் ஃபோன் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன். நீ வாய்க்கால் பக்கம் கை காட்டினே. "மேல கர்நாடகாவுல தண்ணிய அடைச்சா நம்ம வாய்க்கால் காயுதுல்ல? அதும்மா" என்றே. அதற்குப் பிறகு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் வராத வருஷம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போர்க்கிணறு வைத்தவர்கள் மட்டும் நடுவார்கள். பத்து வயலுக்கு இருந்த ஆட்கள் இரண்டு வயலுக்கு வந்து நிற்பார்கள். எங்கிருந்தோ வேன் வைத்துக்கொண்டு வேறு ஊர்ப் பெண்கள் வருவார்கள், நம்மைவிடக் குறைத்துக் கேட்பார்கள். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்படி ஒரு வருஷம். எங்கள் செட்டுக்குப் பேசுகிறவர் அஞ்சலை அக்கா. எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். கூலியை வாய்விட்டுச் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒருத்தி காலும் சேற்றில் இறங்காது. இருபது பேரும் வரப்பில் வரிசையாக நிற்போம். நாற்று முடிகூடத் தொடமாட்டோம். கால் நனைந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கு வயல்காரர் வந்து, "இந்த வருஷம் ஆளுக்குப் பத்து ரூவா கொறச்சுக்கங்க, நெலைமை உங்களுக்கே தெரியும்" என்றார். அஞ்சலை அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார், "கூலி போன வருஷக் கூலிதாங்க. வேணும்னா பதினோரு மணிக்கு டீயும் வடையும் நீங்க குடுக்க வேணாம். நாங்களே கொண்டாந்துக்கிறோம்." வயல்காரர் சிரித்துவிட்டுச் சரி என்றார். கால் இறங்கியது.

பிறகு நான் கேட்டேன், அக்கா, பத்து ரூபாய்க்கும் டீ வடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, எதுக்கு இந்தப் பிடிவாதம் என்று. "போடி பைத்தியம், கொறச்ச கூலி அடுத்த வருஷம் ஏறாது. வடை தன்னால ஏறிடும்" என்றார். சொன்ன மாதிரியே அடுத்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்தது, வடையும் வந்தது. நீ இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அஞ்சலைப் பெரியம்மாவை எனக்கும் கூட்டி வாங்கம்மா, எச்.ஆர்கிட்ட அவங்க பேசட்டும்" என்றே. மூக்குச் சத்தத்தோடு சிரிச்சே. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் ஒரு பெரிய விஷயம் இருந்தது, நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. எனக்குப் பேச அஞ்சலை அக்கா இருந்தார். பக்கத்தில் பத்தொன்பது பேர் நின்றார்கள். என் விலையை நான் ஒருநாளும் என் வாயால் சொன்னதில்லை. உன்னை மட்டும் ஒற்றையாளாக வரப்பில் நிறுத்தி, உன் விலையை நீயே சொல் என்று விட்டுவிட்டோம்.

பெரிய கம்பெனி கடைசியில் வருத்தம் தெரிவித்து ஒரு மெயில் போட்டுவிட்டுக் காணாமல் போனது. அன்றைக்கு நீ சோறு சாப்பிட்டே, உங்கப்பாவோடு உழவுக்குப் போனே, வந்து குளித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தே. வேறு கம்பெனிகளுக்கு எழுத ஆரம்பிச்சே. அப்போதுதான் விண்ணப்பத்தில் சம்பளம் எழுதுகிற அந்தக் கட்டம் வந்தது.

"அம்மா, எவ்வளவு சம்பளம் எதிர்பாக்குறன்னு கேக்குறான். என்ன போடட்டும்?"

"முப்பத்தஞ்சு போடு."

"இப்ப இருக்குற நெலமைல முப்பத்தஞ்சு யாரும் குடுக்க மாட்டாம்மா."

"கேட்டாத்தான குடுப்பான்? நீயே கொறச்சுப் போட்டா அவன் ஏத்தியா குடுப்பான்?"

அஞ்சலை அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன் என்று அப்போது நினைத்தேன். அது தப்பு. அஞ்சலை அக்கா போன வருஷம் கைக்கு வந்த கூலியைக் கேட்டார். நான் உன்னைக் கேட்கச் சொன்னது பூவத்துப் பந்தியில் ஒரு சைபரை எடுத்து நான் செய்த தொகையை. அதற்கும் வேலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நீ அதைத்தான் போட்டே என்று ரேவதி இப்போது உன் லேப்டாப்பைப் பார்த்துச் சொல்கிறாள். முதல் பதினோரு கம்பெனிக்கும் முப்பத்தைந்து. ஒரு இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை. பிறகு என்னைக் கேட்பதையே நிறுத்திவிட்டே. நானும் என்ன போடுகிறாய் என்று கேட்கவில்லை. உழவுக்குப் போனே, வந்தே. அடுத்த ஐப்பசியில் காய்ச்சல் வந்தது.

இது வரைக்கும் எனக்குத் தெரிந்த கதை. போன மாதம் பாஸ்கர் வந்தான். கருக்களாச்சேரியிலிருந்து உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பிள்ளை. சென்னையில் வேலை. உன் காரியத்துக்கு வந்தபோது வாசலோடு அழுதுவிட்டுப் போனவன், இப்போதுதான் லீவு கிடைத்து வீட்டுக்குள் வந்தான். அவன் அப்பா கொடுத்தனுப்பிய சங்கரா மீன் ஒரு பை. நான் மீனைக் கழுவிக்கொண்டே, எங்கே வேலை, என்ன சம்பளம் என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். பதினைந்தில் சேர்ந்தேன், இப்போது இருபத்திரண்டு என்றான். பிறகு, "இது அவன் வேலைம்மா" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் சொன்னான். அந்தக் கம்பெனி முதலில் கூப்பிட்டது உன்னைத்தான். ஃபோனிலேயே பேசிப் பார்த்துப் பிடித்துப்போய், பதினைந்தாயிரம் தருகிறோம், திங்கட்கிழமை வா என்றார்கள். நீ ஒரு நாள் டைம் கேட்டே. மறுநாள் வர முடியவில்லை என்று சொல்லிவிட்டு, இதே படிப்புப் படித்த ஒருத்தன் இருக்கிறான், என்னைவிட நன்றாகச் செய்வான் என்று பாஸ்கர் நம்பரைக் கொடுத்திருக்கிறே. ஏன்டா விட்டே என்று பாஸ்கர் கேட்டதற்கு, "எங்கம்மா பூவத்துல முப்பத்தஞ்சுன்னு அறிவிச்சிட்டாங்கடா. பதினஞ்சுக்குப் போனா பாக்கி இருபதை யார் குடுக்குறது?" என்று சொல்லிச் சிரித்திருக்கிறே.

மீன் கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போனது. நான் அவனைக் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

"சிரிச்சானே, அப்ப அவன் கை எங்க இருந்துச்சுப்பா?"

"கையாம்மா? ஃபோன்ல பேசினோம்மா."

"மூக்குல சத்தம் வந்துச்சா?"

"நான் பஸ் ஸ்டாண்டுல நின்னேம்மா. ஒரே ஹாரன். சிரிச்சான்னுதான் தெரியும்." பிறகு, "விளையாட்டுக்குத்தாம்மா சொல்லியிருப்பான்" என்றான். நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

அவனிடம் இன்னொன்றும் கேட்டேன். அவன் அப்பா பிடித்த மீனுக்கு அவர் எப்படி விலை சொல்வார் என்று. "அவரு எங்க சொல்லுவாரும்மா? ஏலம் போடுறவருதான் கூவுவாரு. எங்கப்பா அந்தப் பக்கம் திரும்பி வலையப் பாத்துக்கிட்டு நிப்பாரு" என்றான். வயலிலும் கடலிலும் தன் விலையைத் தானே சொல்கிற வழக்கம் இல்லை பார். படித்த பிள்ளைகளுக்கு மட்டும் அது எப்படி வந்தது? இன்னொன்று. மீன் குறைந்தால் விலை ஏறுகிறது. வேலை குறைந்தால் ஆள் விலை இறங்குகிறது. நான் பாட்டுக்கு இதையெல்லாம் யோசிக்கிறேன். உன்னோடு பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

பாஸ்கர் வந்து போன வாரத்தில்தான் ரேவதிக்கு அந்தக் கட்டம் வந்தது. பி.காம் முடித்துவிட்டு அவளும் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிலைமை இன்னும் மாறவில்லை. சென்னையில் ஒரு கம்பெனி, வெள்ளிக்கிழமை ஃபோனில் பேசுவார்கள், எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்பார்கள். அவள் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன். "உனக்குத் தோணுற தொகையும் வேணாம், எனக்குத் தோணுற தொகையும் வேணாம். இதே வேலைக்கு அந்த ஊர்ல போன வருஷம் கைக்கு என்ன வந்துச்சுன்னு கேளு. வேற யாரையெல்லாம் கூப்ட்டுருக்காங்கன்னு கேளு. அவங்களோட பேசாம நீ கால எறக்காத" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஃபோன்ல ஏதும்மா வரப்பு?" என்றாள். இருந்தாலும் கேட்டாள். பாஸ்கர் விசாரித்துச் சொன்னான், பதினைந்து என்று. அவள் காலேஜிலேயே இன்னும் இரண்டு பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று பேரும் பேசி, யாரும் பதினைந்துக்குக் கீழே முதலில் வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை நான் அடுப்படியில் சத்தம் போடாமல் நின்றேன். அந்தப் பக்கம் பன்னிரண்டு என்றார்கள் போல. இவள், "சார், பதினஞ்சுதான் எதிர்பாக்குறேன். போன வருஷம் இதே வேலைக்கு அதான் குடுத்திருக்கீங்க" என்றாள். அந்தப் பக்கம் ஒத்துக்கொள்ளவில்லை போல. பிறகு இவளே, "மொத மாசம் நீங்க தர்றதாச் சொன்ன ஹாஸ்டல் செலவு வேணாம் சார், நான் பாத்துக்கிறேன்" என்றாள். வடையை விட்டுக்கொடுக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பதினாலாயிரத்தில் நின்றது. மூன்று பேரில் இரண்டு பேரை எடுத்தார்கள். மூன்றாவது பெண்ணை எடுக்கவில்லை. அது மூன்று பேரும் ஒரே தொகை கேட்டதாலா, அவள் பேசின இங்கிலீஷாலா, எங்களுக்குத் தெரியாது. ரேவதி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. நான் அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஃபோன் பண்ணினேன். "பரவால்லங்க, எல்லாரும் சேந்துதான கேட்டாங்க" என்றார். அந்த வார்த்தையை நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒற்றையாகக் கேட்டு இல்லை என்று ஆவதற்கும், சேர்ந்து கேட்டு இல்லை என்று ஆவதற்கும் வித்தியாசம் இருக்குமோ? நீ இருந்திருந்தால் உண்டா இல்லையா என்று சொல்லியிருப்பே.

போன ஞாயிற்றுக்கிழமை பூவத்தில் உன் மாமா பேத்திக்குக் காது குத்து. நீ போன பிறகு நான் போன முதல் விசேஷம். அதே மாடி, அதே பந்தி. உன் மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது, ஆனால் என்னிடம் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்.

"ரேவதிக்கு வேலையாமே? எவ்வளவு தங்கச்சி?"

எனக்கு நாக்கு நுனிவரை ஒரு தொகை வந்தது, பொடியா. உன்மேல் சத்தியமாக வந்தது. அதை விழுங்கினேன்.

"பதினாலாயிரம்ணே. புடிச்சது போவ கைக்குப் பன்னெண்டே முக்கா வரும்."

"பி.காம் முடிச்ச புள்ளைக்குப் பதினாலா? நம்ம மாப்ள டிராக்டர்ல அதைவிட மேல சம்பாரிக்கிறாரே!"

"ஆமாண்ணே. அவரு இருபத்தஞ்சு வருஷமா ஓட்டுறாரு. இவ திங்கக்கிழமைதான வண்டியில ஏறுறா."

பந்தியில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் குறைத்தும் பார்க்கவில்லை. சாம்பார் வந்தது, எல்லாரும் சாப்பிட்டார்கள். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. உண்மைச் சம்பளத்தைச் சொன்னால் மாடி இடிந்து விழும் என்று நினைத்திருந்தேனோ என்னவோ. கை கழுவப் போகும்போது உன் அத்தை என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டுபோனார். "ஒண்ணு சொல்றேன், ஒங்கண்ணன்கிட்ட சொல்லிப்புடாத. எம்புள்ள அப்ப வாங்கினது பதினெட்டுத்தான். முப்பதுன்னு சொன்னதெல்லாம் ஒங்கண்ணன் வாய். அந்தப் பய ரெண்டு வருஷமா ஊருக்கு வர்றதே இல்ல, வந்தா எல்லாரும் முப்பதுக்குத் தக்கன எதிர்பாக்குறாங்கன்னு" என்றார். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அங்கேயே சிரித்துவிட்டேன். அழ வேண்டிய இடத்தில் சிரித்தேன். எங்கண்ணன் சொன்னது பொய் முப்பது. அதைத் தாண்ட நான் சொன்னது பொய் முப்பத்தைந்து. பூவத்துக்கும் நெரவிக்கும் நடுவில் பஸ்ஸில் ஏறி இறங்கி இப்படி எத்தனை பொய்ச் சம்பளம் போய்க்கொண்டிருக்கிறதோ. அதை உண்மை என்று நம்பி எந்தப் பிள்ளை எந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டிருக்கிறானோ. எந்தக் கம்பெனிக்காரனும் உனக்குச் செய்யாததை நாங்கள் பெரியவர்கள் இரண்டு பேர் பந்தியில் உட்கார்ந்து செய்திருக்கிறோம். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ரேவதியிடம் நேற்றுக் கேட்டேன், அண்ணன் அதற்காகத்தான் விட்டிருப்பானா என்று. "இல்லம்மா, அவனுக்கு சென்னை புடிக்காது. அந்த வேலையும் ஃபோன்ல பேசிப் பேசி கஸ்டமர சமாளிக்கிற வேலை. அவன் மிஷின் பக்கம்தான் போவணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான்" என்றாள். அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. நீ உங்கப்பா டிராக்டரைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கும்போது இருந்த முகம் லேப்டாப் முன்னால் இருந்ததில்லை. உங்கப்பாவிடம் கேட்டேன். "அவன் நல்ல பய. அந்தப் பாஸ்கர் வீட்டுல அப்ப ரொம்ப கஷ்டம்" என்றார். அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. அப்போது பாஸ்கரின் அப்பா படகு எஞ்சின் கெட்டுக் கரையில் கிடந்தது. ஆக மூன்று காரணம் இருக்கிறது. மூன்றில் ஒன்றுதான் என்னுடையது. மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். நீ எதைக் கேட்டாலும் ஒரே காரணம் சொல்கிற பிள்ளை இல்லை.

ரேவதி கூப்பிடுகிறாள், ஜிப் போட வரவில்லையாம். அவளுக்கு நான் சொல்லி அனுப்புகிற புத்தி அதிகம் இல்லை. பதினாலு என்றால் பதினாலு என்று சொல்லு. எங்களுக்காக ஏற்றிச் சொல்லாதே, எங்களுக்காகக் குறைத்துக்கொள்ளாதே. ஒரு வேலையை வேண்டாம் என்று சொன்னால் என்ன காரணம் என்று என்னிடம் வந்து சொல்லு, அது நானாக இருந்தாலும் சொல்லு. இதையெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியவள், அவளிடம் சொல்கிறேன். நாளைக்கு பஸ்ஸில் ஏறும்போது அவள் சிரிப்பாள். நான் அவள் கையைத்தான் பார்ப்பேன்.

பழைய லேப்டாப்பையும் பார்த்தாயிற்று, பாஸ்கரையும் கேட்டாயிற்று, உங்கப்பாவையும் கேட்டாயிற்று. கேட்க மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான். பாக்கி இருபதை யார் கொடுப்பது என்று பாஸ்கரிடம் சொல்லிச் சிரிச்சியே, பொடியா. ஒரு கையில் ஃபோன் இருந்திருக்கும். இன்னொரு கை எங்கேடா இருந்தது?